குவாரிப் பள்ளத்திலிருந்து மணலை மேலே ஏற்ற: சாய்வா, நெட்டுக்குத்தா, சுற்றுப்பாதையா?

கொட்டாம்பட்டிப் பக்கம் என் மாமா மகன் எம்-சாண்ட் கிரஷர் வைத்திருக்கிறான். பழைய கல்குவாரிப் பள்ளத்தில் வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது. அதனால் மணல் கழுவும் இயந்திரத்தைப் பள்ளத்தின் அடியிலேயே நிறுத்திவிட்டான். ஆனால் மணலைக் குவிக்கிற களமும் எடைமேடையும் மேலே இருக்கின்றன. உயர வித்தியாசம் 40 அடி, பக்கவாட்டுத் தூரம் 200 அடி. கழுவின மணலைத் தண்ணீரோடு கலந்து குழாயில் மேலே ஏற்றி, அங்கே சைக்ளோனிலும் (சுழற்றித் தண்ணீரைப் பிரிக்கும் கூம்பு) அதிர்சல்லடையிலும் தண்ணீரைப் பிரித்துவிட்டால், லாரி பள்ளத்துக்குள் இறங்கி ஏற வேண்டியதில்லை. மணிக்கு 18 டன் ஏற வேண்டும். பம்பு வாங்குவது வரைக்கும் யாருக்கும் சண்டையில்லை. குழாய் எந்த வழியாக ஏறுவது என்பதில்தான் இழுபறி.

வழிகள் மூன்று. ஒன்று, கழிவுக்கல் கொட்டிக் கொட்டி உண்டான சரிவில், சுமார் 30 டிகிரியில், நேராக ஏற்றுவது. சரிவில் 80 அடி, அப்புறம் மேலே சமதளத்தில் 130 அடி. இரண்டாவது, குவாரியின் பாறைச் சுவரை ஒட்டி 40 அடி நெட்டுக்குத்தாக ஏற்றி, மேலே 200 அடி கிடையாகக் கொண்டுபோவது. மூன்றாவது, சுற்றிக்கொண்டு லாரி ஏறும் பாதையின் ஓரமாகவே போடுவது. அது பத்து அடிக்கு ஓர் அடி ஏறுகிறது, அதாவது கிட்டத்தட்ட 6 டிகிரி. அதில் குழாய் 400 அடிக்கு மேல் ஓடும்.

பிட்டர் அண்ணனுக்குச் சரிவுதான் பிடித்திருந்தது. குழாய் குறைவு, பெண்டு (குழாய் வளைவு) இரண்டே இரண்டு, தரையில் படுத்திருப்பதால் தாங்கு கட்டுகிற வேலையும் இல்லை. அவர் 30 வருஷம் கிணற்றுக்கும் போருக்கும் குழாய் மாட்டியவர். தண்ணீருக்கு என்றால் அவர் சொன்னது முழுக்கச் சரி. நானும் எட்டு வருஷத்துக்கு முன்னால் வேறோர் இடத்தில் அதையேதான் சொன்னேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு பாட்டில் சோதனை. ஒரு லிட்டர் பாட்டிலில் உங்கள் மணல் தண்ணீரைப் பிடித்துக் குலுக்கி நிறுத்துங்கள். பத்து எண்ணுவதற்குள் அடியில் கெட்டியாகப் படிந்தால் அது படியும் சேறு. அரை மணி நேரம் ஆனாலும் கலங்கலாகவே நின்றால் அது வேறு சாதி. கெட்டித் தயிர் மாதிரி ஒரே திரவமாக நடந்துகொள்ளும். அதற்கு இந்தக் கட்டுரையில் சொல்வது பெரும்பாலும் பொருந்தாது. குதுரேமுக்கில் இரும்புத் தாதுவை மாவாக அரைத்து மங்களூர் வரை 67 கி.மீ. குழாயில் அனுப்பினார்கள் என்றால், அரைத்த மாவு அவ்வளவு நைஸ் என்பதும் அதற்கு ஒரு காரணம். நம்மிடம் இருப்பது 4.75 மி.மீ. சல்லடையில் இறங்கின, முனை மழுங்காத உடைகல் மணல். ஒரு மி.மீ. பருமனுள்ள துகள் தேங்கிய தண்ணீரில் விநாடிக்குச் சுமார் 15 செ.மீ. வேகத்தில் இறங்கும். சல்லடையில் இறங்கும் பெரிய துகள் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

கிடையாகக் கிடக்கும் குழாயில் இந்த மணல் என்ன செய்கிறது? வேகமாக ஓட்டினால் தண்ணீரின் கொந்தளிப்பில் மிதந்து போகும். கொஞ்சம் குறைத்தால் கனமானவை அடியில் ஒரு விரிப்பாகச் சேர்ந்து வழுக்கிக்கொண்டே போகும். இன்னும் குறைத்தால் அந்த விரிப்பு நின்றுவிடும். நின்ற மணல் குழாயின் வாயைக் குறுக்கும், பம்பு திணறும், வேகம் இன்னும் குறையும். அந்த நிற்கும் எல்லைக்குக் கீழே ஓட்டக் கூடாது என்பதுதான் முழு விளையாட்டு. 1952-இல் பிரான்சின் துராண்டும் கொண்டோலியோஸும் ஏராளமான சோதனைகள் செய்து இதற்கு ஒரு சூத்திரம் தந்தார்கள். அந்த எல்லை வேகம் குழாயின் விட்டத்தின் வர்க்கமூலத்தோடு ஏறுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4 இஞ்ச் குழாயில் நம் மணலுக்கு எல்லை விநாடிக்குச் சுமார் 2 மீட்டர், 6 இஞ்சில் சுமார் 2.4 மீட்டர்.

தண்ணீர்க்காரர்கள் தடுமாறுகிற இடம் இதுதான். "பெரிய குழாயா போட்டா உராய்வு குறையுமே மாப்ள" என்று மாமா மகன் இரண்டு தடவை கேட்டான். தண்ணீருக்குக் குறையும். மணலுக்கு, பெரிய குழாயில் அதிக வேகமும் வேண்டும், அந்த வேகத்தில் அகலமான குழாயை நிறைக்க அதிகத் தண்ணீரும் வேண்டும். பாதுகாப்புக்குக் கொஞ்சம் கூட்டி ஓட்டினால் 4 இஞ்சுக்கு விநாடிக்கு 19 லிட்டர் போதும். 6 இஞ்சுக்கு 50 லிட்டர் ஆகும். அதே 18 டன் மணலுக்கு இரண்டரை மடங்குத் தண்ணீரைத் தூக்குவது யார் காசு? 3 இஞ்சில் போட்டால் இந்த 18 டன்னுக்கு வேகம் 4 மீட்டரை நெருங்கும். குழாய் சீக்கிரம் தேய்ந்து ஓட்டையாகும். ஆக 4 இஞ்ச். மணல் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, மீதி தண்ணீர். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சாய்வுக்கு வருவோம்.

ரேஷன் அரிசியில் கல் கிடந்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியச் சிரமமே இல்லை. என் அம்மா குண்டானைச் சாய்த்துப் பிடித்துத் தண்ணீரைச் சுழற்றி அரிப்பார். அரிசி தண்ணீரோடு விளிம்பைத் தாண்டிப் போகும். கல் சரிந்த அடியிலேயே பின்வாங்கி நிற்கும். தண்ணீர் மேலே இழுக்கிறது, பாத்திரத்தின் சாய்வு கல்லைப் பின்னால் இழுக்கிறது. குண்டானை நிமிர்த்தி வைத்தால் இந்த அரிப்பு நடக்காது. மேல்நோக்கிச் சாய்ந்த குழாயிலும் அதே கதைதான். அடியில் வழுக்கும் மணல் விரிப்பை உராய்வு பிடிக்கிறது. அதோடு அதன் சொந்த எடையும் பின்னால் இழுக்கிறது. அதனால் அதை நகர்த்திக்கொண்டே போகக் கிடைக்குழாயைவிட அதிக வேகம் வேண்டும்.

எவ்வளவு அதிகம் என்பதை 1984-இல் வில்சனும் ட்செவும் சோதனை செய்து காட்டினார்கள். கிடையிலிருந்து சாய்வு ஏற ஏற எல்லை வேகமும் ஏறி, சுமார் 30 டிகிரியில் உச்சத்தைத் தொடுகிறது. அதற்குமேல் நிமிர்த்தினால் மறுபடி இறங்குகிறது, ஏனென்றால் செங்குத்தை நெருங்கும்போது மணல் எந்தச் சுவர்மேலும் அழுந்தி விரிப்பாவதில்லை. இறக்கத்தில் போகும் குழாயில் எல்லை வேகம் கிடையைவிடக் குறைவு. மணல் தானே ஓடுகிறது. நம் 4 இஞ்ச் குழாய்க்கு அவர்கள் சொன்னபடி பார்த்தால், 30 டிகிரியில் எல்லை 2 மீட்டரிலிருந்து இரண்டரைக்குப் போய்விடுகிறது. 6 டிகிரியில் கொஞ்சம்தான் ஏறும், 2.1 அல்லது 2.15.

பிட்டர் அண்ணன் கண்ணால் அளந்து ஆசைப்பட்ட அந்தச் சரிவு, உலகத்தில் இருக்கிற எல்லாச் சாய்வுகளிலும் மணலுக்கு மோசமான சாய்வு. கல் மண் கொட்டினால் இயற்கையாக நிற்கிற சரிவு அதைச் சுற்றித்தான் இருக்கும் என்பதால் நாம் அடிக்கடி போய் விழுகிற குழியும் அதுதான்.

சரி, வேகம் கூடினால் மோட்டாரைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டால் போச்சு என்று தோன்றும். கணக்கைப் பார்ப்போம். 40 அடி உயரம் என்பது மூன்று வழிக்கும் பொது. மணல் கலந்ததால் தண்ணீரைவிட ஆறில் ஒரு பங்கு கனம். அந்தக் கனத்தையும் சேர்த்தால் 14 மீட்டர் ஹெட் (தண்ணீரை அவ்வளவு உயரம் தூக்கும் அழுத்தம்), எந்த வழியில் போனாலும் கட்டாயம் கொடுக்க வேண்டிய வரி. சாய்ந்த குழாயின் உராய்வைக் கணக்கிடும் முறையை வோர்ஸ்டரும் டென்னியும் 1955-இலேயே சொல்லிவிட்டார்கள். மணலால் வரும் கூடுதல் உராய்வு சாயச் சாயக் குறைந்து, நெட்டுக்குத்தில் இல்லாமலே போகும். மணலைத் தூக்கும் எடைக் கணக்கு உயரத்தை மட்டும் பொறுத்தது.

இதையெல்லாம் வைத்து, பம்பின் திறன் பாதி என்று எடுத்துக்கொண்டு போட்டேன். சரிவு வழிக்கு விநாடிக்கு 2.9 மீட்டரில் ஓட்ட வேண்டும். கிட்டத்தட்ட 14½ எச்.பி. நெட்டுக்குத்து வழியில் வேகத்தைத் தீர்மானிப்பது மேலே கிடக்கும் கிடைக்குழாய், 2.4 மீட்டர் போதும், 12 எச்.பி. சுற்றுப்பாதையில் 2.5 மீட்டர், நீளம் அதிகம், 15 எச்.பி. ஆக மொத்தம் 210 அடியில் முடிகிற குறுக்கு வழியும் 400 அடி சுற்றுகிற வழியும் கிட்டத்தட்ட ஒரே மின்சாரத்தைத் தின்கின்றன. சரிவு வழியில் மிச்சம் ஆவது குழாய்க் காசு மட்டும். அதிலும், வேகம் ஏறினால் தேய்மானம் அதைவிட வேகமாக ஏறும் என்பதால், அந்த மிச்சம் எத்தனை மாதத்துக்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது. நெட்டுக்குத்து வழி மற்ற இரண்டையும்விட எட்டு மணி நேர ஓட்டத்துக்கு 20 யூனிட் வரை மிச்சம் பிடிக்கிறது.

இவ்வளவு தூரம் பேசினது எல்லாம் பம்பு ஓடும்போது நடப்பது. எனக்கு அது இரண்டாம்பட்சம்.

நம் ஊர்ப் பக்கம் மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று கரண்டு எடுப்பார்கள். அது முன்கூட்டியே தெரியும். காற்றடி காலத்தில், கோடை மழைக்கு முந்தின சாயங்காலங்களில் போகிற கரண்டு சொல்லிக்கொண்டு போவதில்லை. குழாய் நிறைய மணலும் தண்ணீருமாக இருக்கும்போது பம்பு நின்றால் என்ன நடக்கும்? இந்தக் கேள்வியைத்தான் நான் முதலில் கேட்பேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் கேட்கவில்லை. பெயர் வேண்டாம், அதுவும் ஒரு மணல் கழுவும் இடம்தான். சரிவில் நேராக 4 இஞ்ச் இரும்புக் குழாய், நான் சொல்லித்தான் போட்டார்கள். பதினோரு நாள் அருமையாக ஓடியது. பன்னிரண்டாம் நாள் மூன்றரை மணிக்குக் கரண்டு போய், இருபது நிமிஷத்தில் வந்தது. பம்பைப் போட்டால் மோட்டார் உறுமுகிறது, மேலே ஒரு சொட்டு வரவில்லை. கீழே இருந்து மூன்று நீளக் குழாயைப் பிளாஞ்ச் கழற்றி இறக்கி, கம்பியால் குத்திக் குத்தி எடுத்தோம். ஈர உடைகல் மணல் குழாய்க்குள் இறுகிவிட்டால் கான்கிரீட் மாதிரிதான். மறுநாள் மத்தியானம் ஆனது. முதலாளி என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

நடந்தது என்ன என்பதற்கு விளக்கம் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து கிடைத்தது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். 1920-இல் பாய்காட் என்கிற ஆங்கிலேய மருத்துவ ஆய்வாளர், ரத்தம் எடுத்து வைத்த குழாய்களைச் சாய்த்து வைத்தால் ரத்த அணுக்கள் நிமிர்த்தி வைத்த குழாய்களைவிட வேகமாகப் படிவதைக் கவனித்து எழுதினார். காரணம் எளிது. நிமிர்ந்த குழாயில் அணு அடிவரை முழு உயரத்தையும் இறங்க வேண்டும். சாய்ந்த குழாயில் குறுக்கே கொஞ்சம் இறங்கினாலே கீழ்ச்சுவரைத் தொட்டுவிடும். தொட்டதும் சுவரோடு ஒரு கூட்டமாகச் சரிந்து அடிக்கு ஓடும். தெளிந்த தண்ணீர் மேல்சுவரை ஒட்டி எதிர்த்திசையில் எழும். தண்ணீர் சுத்திகரிப்பு நிலையங்களில் சாய்ந்த தட்டுகளை அடுக்கி வைப்பதும் இதற்குத்தான். அங்கே அது வரம். என் குழாயில் அது சாபமாக வேலை செய்தது.

அந்தச் சரிதல் நடக்க ஒரு சாய்வு வேண்டும். ஈர மணல் இரும்புக் குழாய்க்குள் சுமார் 20, 25 டிகிரிக்குமேல் நிற்காமல் வழுக்க ஆரம்பிக்கும். வழவழப்பான எச்.டி.பி.இ. (கறுப்புப் பிளாஸ்டிக்) குழாயில் இன்னும் குறைந்த சாய்விலேயே. நம் கலவையில் மணல் பத்தில் ஒரு பங்கு. படிந்த மணலில் அறுபது சதவீதம்தான் கல், மீதி இடைவெளித் தண்ணீர். அதாவது குழாயில் இருக்கிற மணல் முழுவதும் படிந்தால் குழாயின் கொள்ளளவில் ஆறில் ஒரு பங்கை அடைக்கும். 30 டிகிரிச் சரிவில் 80 அடிக் குழாயின் மணல் எல்லாம் அடிக்கு வந்து சேர்ந்தால் 10 அடிக்கு மேல் நீளமான அடைப்பு. குழாயின் முழு வாயையும் மூடின அடைப்பு.

6 டிகிரிப் பாதையில் அதே மணல் நின்ற இடத்திலேயே படியும். ஆறில் ஒரு பங்கு என்பது குழாயின் அடியில் ஒரு மெல்லிய படுக்கை. அதன் மேலே தண்ணீர் போக வழி திறந்தே இருக்கும். கரண்டு வந்ததும் பம்பைப் போட்டால், குறுகின வாயில் தண்ணீர் வேகமாக ஓடி, படுக்கையை மேலிருந்து அரித்து அரித்துக் கொண்டுபோய்விடும். முதல் நிமிஷம் கொஞ்சம் திணறும், அவ்வளவுதான். நீண்ட தூரச் சேற்றுக் குழாய் போடுபவர்கள் 100 அடிக்கு 10 முதல் 16 அடிக்குமேல் ஏற்றம் இறக்கம் வராமல் பாதை தேடுவதும் இதே பயத்தால்தான். மலையைச் சுற்றிக்கொண்டு போனாலும் போவார்களே தவிர நேராக ஏற மாட்டார்கள். நம் லாரிப் பாதை பத்துக்கு ஒன்று. அந்த எல்லைக்குள் சரியாக உட்காருகிறது.

நெட்டுக்குத்துக் குழாயில் நின்றால்? மணல் எல்லாம் நேராக அடிப் பெண்டுக்குத்தான் வரும். மறைப்பதற்கில்லை. 40 அடியில் ஆறில் ஒரு பங்கு, ஏழு அடி அடைப்பு. ஆனால் இரண்டு வித்தியாசம் இருக்கிறது. அடைப்பு எங்கே உட்காரும் என்று முன்கூட்டியே தெரியும், சரியாக ஒரே இடம். இன்னொன்று, அங்கே ஒரு வாயைத் திறந்துவிட்டால் மணல் தன் எடையாலேயே வெளியே கொட்டிவிடும். சரிவில் திறந்தாலும் கொட்டும்தான், ஆனால் பாதி மணல் சுவரோடு ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்ல வரும்.

நம் பாண்டி நாட்டுக் கண்மாய்களில் குமிழித் தூம்பு பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்குள் நிற்கும் கல்தொட்டியின் மேல்தட்டில் ஒரு துளை, நீரோடி. அடியில் சின்னச் சின்னத் துளைகள், சேறோடி. மேல்துளை வழியே தெளிந்த தண்ணீர். அடித்துளை வழியே சேறு. சேறு எங்கே சேரும் என்று முதலில் கண்டுபிடித்து, அந்த இடத்திலேயே அதற்கு வாசல் வைத்திருக்கிறார்கள். நெட்டுக்குத்துக் குழாயின் அடியில் நான் வைக்கச் சொல்வதும் ஒரு சேறோடிதான். பெண்டுக்குப் பதிலாக ஒரு டீ (மூன்று வாய் உள்ள இணைப்பு), அதன் கீழ்வாயில் ஒரு நைஃப் கேட் வால்வு (கத்தி மாதிரித் தட்டு இறங்கி மூடுவது), அதற்கு நேர்க்கீழே சம்ப் தொட்டி. கரண்டு போனதும் திறந்தால், ஒரு மி.மீ. மணல் ஒன்றரை நிமிஷத்துக்குள் கீழே வந்துவிடும், தண்ணீரும் கூடவே இறங்குவதால் உண்மையில் அதைவிடச் சீக்கிரம். சாதாரண கேட் வால்வு மட்டும் வேண்டாம். அதன் கதவு இறங்கும் காடியில் மணல் உட்கார்ந்து அப்புறம் மூடவே மூடாது. தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கிற நான்-ரிட்டர்ன் வால்வும் வேண்டாம், அதன் கதவிலும் மணல் சிக்கும். பாதி மூடியும் மூடாமலும் நிற்கிற வால்வைவிட வால்வே இல்லாதது மேல்.

அப்படியானால் யார் திறப்பது? இதுதான் இரண்டாவது வழியின் பலவீனம். பகலில் பம்புக்கு ஓர் ஆள் இருப்பார். ராத்திரி ஓட்டினால் அவர் எங்கே இருப்பார் என்று நமக்கும் தெரியும். காற்றழுத்தத்தால் மூடியிருந்து, கரண்டு போனதும் தானாகத் திறக்கிற வால்வு கிடைக்கிறது, விலை அதிகம். கிரஷரில் கம்ப்ரசர் ஏற்கெனவே இருப்பதால் அது ஒன்றும் பெரிய ஏற்பாடில்லை. காசு கொடுக்க மனமிருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். மனமில்லை, ராத்திரி ஓட்டமும் உண்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு லாரிப் பாதை. நாளுக்கு 20 யூனிட் கூடுதலாகப் போகட்டும். அது ஆள் மறந்தாலும் அடைக்காத குழாய்.

எந்த வழியானாலும், நாமாக நிறுத்தும்போது மணலை முதலில் நிறுத்தி, வெறும் தண்ணீரைக் குழாய் முழுக்க ஒரு தடவை ஓட்டிவிட்டுத்தான் பம்பை அணைக்க வேண்டும். நெட்டுக்குத்து வழியில் குழாய் மொத்தமும் கொள்வது 600 லிட்டர்தான். சுத்தத் தண்ணீருக்கு ஓர் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் போதும். இதை எழுதிப் பம்பு ரூமில் ஒட்டுங்கள். மேலூர்ப் பக்கம் தண்ணீரைக் கணக்குப் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும் என்பது தெரியும், ஆனால் அந்தத் தண்ணீர் திரும்பிப் பள்ளத்துக்கே வருகிறது.

விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) பற்றியும் ஒரு வார்த்தை. மின்சாரம் மிச்சம் பண்ணலாம் என்று வேகத்தை இறக்கி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். கிணற்றுப் பம்புக்கு அது புத்திசாலித்தனம். மணல் குழாயில் எல்லை வேகத்துக்குக் கீழே போன அடுத்த நிமிஷம் படுக்கை விழ ஆரம்பிக்கும். கீழ் எல்லையை மெஷினில் பூட்டி வைத்துவிடச் சொல்லுங்கள்.

இரும்பா எச்.டி.பி.இ.யா என்று கேட்டால், நெட்டுக்குத்துப் பகுதிக்கு எதுவானாலும் சரி, அங்கே தேய்மானம் சுற்றிலும் சமமாக நடக்கும். கிடைப் பகுதியில் அடிப்பக்கம் மட்டும் தேயும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை குழாயை மூன்றில் ஒரு சுற்றுத் திருப்பிவிட்டால் ஆயுள் கூடும். பிளாஞ்ச் போட்ட இரும்புக் குழாயில் அது எளிது. கறுப்பு எச்.டி.பி.இ. குழாயை மதுரை வெயிலில் திறந்த வெளியில் போட்டால் 200 அடி நீளம் காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவே ஓர் அடி வரை நீளும். இரண்டு தாங்குக்கு நடுவே தொய்ந்து வயிறு தள்ளும். அந்த வயிற்றின் கீழ்க்கோடி மணல் சேரும் முதல் இடம், அதை ஏறுகிற பக்கம் நமக்கே தெரியாமல் உண்டாகிற சரிவு. போடத்தான் போகிறீர்கள் என்றால் மண்ணில் அரை அடி புதைத்துவிடுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் பம்புக் கம்பெனிக்காரன் என்று நினைப்பார்கள். கீழேயே தண்ணீரைப் பிரித்து, ஈர மணலை பெல்ட்டில் ஏற்றுவது. பெல்ட்டில் 16, 18 டிகிரிக்குமேல் ஈர மணல் பின்னால் உருளும் என்பதால் 40 அடி உயரத்துக்கு 130 அடியாவது பெல்ட் வேண்டும். முதல் செலவு அதிகம். ஆனால் மணிக்கு 5 டன், 6 டன் என்றால் குழாய் வழி அபத்தம், ஏனென்றால் 4 இஞ்ச் குழாய் எவ்வளவு மணல் போனாலும் போகாவிட்டாலும் அதே 19 லிட்டரைக் கேட்கும். அந்த அளவுக்கு ஒரு டிராக்டரே போதும். மாமா மகனுக்கு 18 டன் வேண்டும், பள்ளத்துக்குள் பெல்ட் அடியை நிறுத்த இடமும் இல்லை. அதனால் அந்தப் பேச்சு ஒரு டீயோடு முடிந்தது.

ஓட ஆரம்பித்தபின் எப்படிக் கண்காணிப்பது? அழுத்தம் காட்டும் கேஜ் வைக்கலாம், வைக்கவும் சொன்னேன். ஆனால் பிட்டர் அண்ணன் ஒரு ஸ்பேனரால் குழாயைத் தட்டிக்கொண்டே நடந்துபோவதை நம்புகிறேன். அடியில் மணல் நின்ற இடத்தில் ஓசை மொத்தென்று செத்துவிழும், ஓடுகிற இடத்தில் கணீரென்று இருக்கும். காதை வைத்தால் ஓடும் மணல் சோளப்பொரி வறுபடுவது மாதிரி சடசடக்கும்; வழுக்கும் படுக்கை கரகரக்கும். அந்தக் கரகரப்பு கேட்டால் வேகத்தைக் கூட்டும் நேரம்.

கடைசியில் அவர்கள் நெட்டுக்குத்தையே எடுத்தார்கள், காற்று வால்வோடு. மாமா மகனைச் சம்மதிக்க வைத்தது என் கணக்கு இல்லை. பாறைச் சுவரில் போட்டால் லாரி இடித்து உடைக்காது என்று அவன் அப்பா சொன்னதுதான். பிட்டர் அண்ணன் முதலில் முகம் கொடுக்கவில்லை. டீயும் வால்வும் மாட்டின அன்று அவரே பெயிண்டரைக் கூப்பிட்டு, சிவப்பில் அந்த வால்வின் மேலே பெயர் எழுதச் சொன்னார். 'சேரோடி' என்று எழுதியிருக்கிறார்கள். ஓர் எழுத்து தப்பு. மாற்றச் சொல்ல வாய் வந்தது, விட்டுவிட்டேன்.